ரோபோ கையின் முனை ஆடுகிறது, குழாயை மாற்றலாமா?

கேள்வி இதுதான். ஆறு அச்சுகள் கொண்ட தொழிற்சாலை ரோபோ கை ஒன்றை ஒருவர் வடிவமைத்துவருகிறார். 10 கிலோ தூக்க வேண்டும், 1.3 மீட்டர் எட்ட வேண்டும். முதல் மாதிரி ஓடுகிறது. ஆனால் சுமையோடு நீட்டினால் முனை தொய்கிறது, நிறுத்தினால் சற்று நேரம் அதிர்கிறது. மேல்கை, முன்கை இரண்டும் அலுமினியக் குழாய்கள். அவற்றைக் கார்பன் ஃபைபராக மாற்றினால் சரியாகுமா, இல்லை வேறு எதைத் தொட வேண்டும் என்று கேட்கிறார். அதோடு, வன்பொருள் முழுவதையும் ஒரு முறை வரிசையாக விளக்கச் சொல்கிறார்.

குழாயை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன் கையை அடியிலிருந்து நுனிவரை ஒரு முறை பார்த்துவிடலாம்.

ஆறு அச்சுக் கையில் முதல் மூன்று அச்சுகள் முனையை ஓர் இடத்துக்குக் கொண்டுபோகின்றன: அடித்தளம் சுழல்வது, தோள், முழங்கை. கடைசி மூன்றும் மணிக்கட்டு. அவை கருவியைத் திருப்பிப் பிடிக்கின்றன. பல கைகளில் மணிக்கட்டின் மூன்று அச்சுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் மூட்டுக் கோணங்களை நேரடிச் சூத்திரத்தால் கண்டுபிடிக்கலாம் என்று 1968-இல் டொனால்ட் பைப்பர் ஸ்டான்ஃபோர்டில் காட்டினார். இன்று கணினி வேகம் கூடிவிட்டதால் அது கட்டாயமில்லை, ஆனாலும் வசதிதான். நான்காம் அச்சும் ஆறாம் அச்சும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் மணிக்கட்டு தடுமாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையின் அருகே முனை மெதுவாகப் போனாலும் மூட்டுகள் கண்டபடி வேகமாகச் சுழலும்.

ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே கூட்டம் உட்கார்ந்திருக்கிறது: சர்வோ மோட்டார், அதன் பின்புறம் சுழற்சியை அளக்கும் என்கோடர், பக்கத்திலேயே பிரேக், முன்னால் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் ரிட்யூசர், வெளிப்பக்கத்தைத் தாங்கும் பேரிங், எல்லாவற்றுக்கும் நடுவே நுழைந்து போகும் கேபிள்கள். வெளியே ஒரு கேபினெட்டில் மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து தரும் டிரைவ்கள், கன்ட்ரோலர், மின்வழங்கி, பாதுகாப்பு ரிலேக்கள், அதிலிருந்து தொங்கும் டீச் பென்டன்ட் (கைக்கு இடங்களைக் கற்பிக்கும் கைப்பலகை).

ஆரம்பக் கைகள் இப்படி இல்லை. 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த யூனிமேட் ஹைட்ராலிக்கில் ஓடியது. 1973-இல் ஜெர்மன் நிறுவனமான கூக்காவின் ஃபாமுலஸ், அடுத்த ஆண்டு ஸ்வீடன் நிறுவனமான ஏ.எஸ்.இ.ஏ.-வின் ஐ.ஆர்.பி. 6 என மின்மோட்டார் கைகள் வந்தன. எண்ணெய்க் குழாய் போய் மோட்டார் வந்ததும் கை சுத்தமானது, துல்லியம் கூடியது. கூடவே ஒரு புதிய தலைவலியும் வந்தது. மின்மோட்டார் வேகமாகச் சுழலும், முறுக்குவிசை குறைவு. ஆகவே நடுவில் பெரிய விகிதத்தில் பற்சக்கரம் தேவைப்பட்டது. அன்றிலிருந்து ரோபோ கையின் தரம் பெருமளவு அந்தப் பற்சக்கரப் பெட்டியின் தரமாகிவிட்டது.

இப்போது உங்கள் கையைக் கணக்குப் போடுவோம். எடை விவரம் நீங்கள் தரவில்லை, அதனால் இந்த அளவுக் கைக்குப் பொருந்தும் எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். மேல்கையும் முன்கையும் தலா 650 மி.மீ. கை கிடைமட்டமாக முழுதாக நீண்டிருக்கிறது. நுனியில் 10 கிலோ. மணிக்கட்டு 8 கிலோ, தோளிலிருந்து 1 மீட்டரில். முன்கை மோட்டாரோடு 12 கிலோ, 0.75 மீட்டரில். மேல்கை 18 கிலோ, 0.3 மீட்டரில். தோள் மூட்டு சும்மா தாங்கிப் பிடிக்கவே சுமார் 347 நியூட்டன் மீட்டர் வேண்டும். இதில் நீங்கள் தூக்கும் பொருளின் பங்கு 128 மட்டுமே. மீதியெல்லாம் கை தன்னைத்தானே தூக்கிக்கொள்வதற்கு.

அசைய ஆரம்பித்தால் நிலைமம் சேரும். மேலே சொன்ன எடைகளைப் புள்ளிகளாக எடுத்தால் தோளைச் சுற்றி 33 கிலோகிராம்-மீட்டர்² வருகிறது. நொடிக்கு நொடி 8 ரேடியன் முடுக்கம் கேட்டால் இன்னும் 266 நியூட்டன் மீட்டர். ஆக உச்சத்தில் 610-ஐத் தாண்டும். 120-க்கு 1 ரிட்யூசர், 80 விழுக்காடு செயல்திறன் என்று வைத்தால் மோட்டார் பக்கம் உச்சத்தில் 6.4 நியூட்டன் மீட்டர் தர வேண்டும். ஒரு கிலோவாட் வகை சர்வோ போதும். மோட்டார் 3000 சுற்றில் ஓடினால் தோள் நொடிக்கு 150 டிகிரி திரும்பும். நல்ல வேகம்தான்.

எடையைக் குறைக்கச் சொல்பவர்கள் எந்த இடத்தில் குறைப்பது என்பதைச் சொல்வதில்லை. மணிக்கட்டில் 2 கிலோ குறைத்தால் தோளில் உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 36 நியூட்டன் மீட்டர் குறையும். அதே 2 கிலோவை மேல்கையில் குறைத்தால் கிடைப்பது 7 சொச்சம். ஐந்து மடங்கு வித்தியாசம். அடித்தளத்தில் குறைத்தால் எதுவுமே கிடைக்காது. அதனால்தான் பெரிய கைகளில் நான்கு, ஐந்து, ஆறாம் அச்சுகளின் மோட்டார்களை மணிக்கட்டில் வைக்காமல் முழங்கைக்குப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். அவை அங்கே எதிரெடையாகவும் வேலை செய்கின்றன. முறுக்குவிசை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மூன்று குழல்தண்டுகள் வழியாக மணிக்கட்டுக்குப் போகிறது. சிறிய கைகளில் அந்த வேலையை டைமிங் பெல்ட் செய்கிறது. உங்கள் மாதிரியில் மணிக்கட்டு மோட்டார்கள் நுனியிலேயே இருக்கின்றன என்றால், முதலில் தொட வேண்டிய இடங்களில் அது ஒன்று.

சரி, தொய்வுக்கு வருவோம். இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரிட்யூசரின் விறைப்பை ஒரு ஆர்க் மினிட் முறுக எத்தனை நியூட்டன் மீட்டர் தேவை என்று அட்டவணையில் கொடுப்பார்கள். ஆர்க் மினிட் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கேட்க மிகச் சிறியது. ஆனால் 1 மீட்டர் தள்ளி அது 0.29 மி.மீ. ஆகிவிடும். உங்கள் தோளில் ஒரு ஆர்க் மினிட்டுக்கு 150, முழங்கையில் 60 என்று வைப்போம். இந்த வகைக் கைக்கு அது நடுத்தரமான தேர்வு. நுனியில் 10 கிலோ ஏற்றினால் தோள் ரிட்யூசர் 0.85 ஆர்க் மினிட் முறுகும், நுனி 0.32 மி.மீ. இறங்கும். முழங்கை ரிட்யூசர் இன்னொரு 0.20 மி.மீ. சேர்க்கும்.

குழாய்கள்? முன்கை 120 மி.மீ. விட்டம், 6 மி.மீ. சுவர் என்றால் அது வளைவதால் நுனி இறங்குவது 0.04 மி.மீ. மேல்கை 170 மி.மீ. விட்டம், 8 மி.மீ. சுவர் என்றால் 0.07 மி.மீ. மேல்கை தடிமனாக இருந்தும் அதிகம் கொடுக்கக் காரணம், அதன் முனை சாயும்போது அந்தச் சாய்வு முன்கையின் நீளத்தால் பெருகுகிறது. மொத்தம் 0.63 மி.மீ. அதில் இரண்டு மூட்டுகள் 0.52, இரண்டு குழாய்கள் 0.11.

கார்பன் ஃபைபர் கேள்விக்கான விடை இந்த எண்களிலேயே இருக்கிறது. குழாய் துளியும் வளையவே வளையாது என்று வைத்துக்கொண்டாலும் முனைத்தொய்வு 0.63-இலிருந்து 0.52-க்குத்தான் வரும். விறைப்பை அப்படியே வைத்து எடையைப் பாதியாக்கும் வழியில் போனால், இரண்டு குழாய்களிலும் சேர்த்து 5 கிலோ சொச்சம் மிச்சம். தோளின் நிலைமத்தில் அது 6, 7 விழுக்காடு. அதிர்வெண் 3 விழுக்காடு உயரும். இதற்குக் கொடுக்கும் விலை என்ன? அலுமினிய ஃபிளாஞ்சைக் கார்பன் குழாயில் ஒட்ட வேண்டும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், கார்பன் கிட்டத்தட்ட விரியவே விரியாது. அந்த ஒட்டு ஒவ்வொரு நாளும் வெப்பத்தால் இழுபடும். இரண்டும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். எடை குறைவான கையே நோக்கம் என்றால் செய்யலாம். ஆட்டத்தை நிறுத்தத்தான் என்றால் வேண்டாம்.

அலுமினியத்தை எஃகாக மாற்றினால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். எஃகின் விறைப்பு மூன்று மடங்கு, எடையும் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒன்றை ஒன்று சமன்செய்துவிடும். உண்மையான லாபம் விட்டத்தில் இருக்கிறது. அதே எடைக்கு விட்டத்தை இரட்டிப்பாக்கி, சுவரைப் பாதியாக்கினால் வளைவு எதிர்ப்பு நான்கு மடங்காகும். சுவர் மிகவும் மெலிந்தால் போல்ட் போடும் இடத்தில் நசுங்கும், அங்கே மட்டும் தடித்து வைக்கலாம். குழாய்க்குள் கேபிள் போகவும் இடம் கிடைக்கும்.

அப்போது மூட்டில் என்ன செய்வது? ரிட்யூசர் வகைகளைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிது. சிறிய மூட்டுகளில் பெரும்பாலும் ஹார்மோனிக் டிரைவ் இருக்கும். 1950-களில் வால்டன் மஸ்ஸர் கண்டுபிடித்தது. உள்ளே நீள்வட்ட வடிவ உருளை, அதைச் சுற்றி மெல்லிய எஃகுக் கிண்ணம், அதன் வெளியே பற்கள், அதைச் சூழ்ந்து விறைப்பான வளையம். கிண்ணத்தில் 200 பல் இருந்தால் வளையத்தில் 202 இருக்கும். நீள்வட்டம் ஒரு சுற்று சுற்றும்போது கிண்ணம் இரண்டு பல் மட்டும் பின்னால் நகரும். ஆகவே 100-க்கு 1. உள்ளங்கை அளவில் இவ்வளவு பெரிய விகிதம், பேக்லாஷ் ஏறக்குறைய இல்லவே இல்லை. நான் கழற்றிப் பார்த்த இயந்திர உறுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் அந்த மெல்லிய கிண்ணம் ஒரு ஸ்பிரிங் போல முறுகும். சிறு முறுக்குவிசையில் இன்னும் மென்மையாக இருக்கும், சுமை ஏற ஏற விறைக்கும். பேக்லாஷ் இல்லை என்பதும் விறைப்பு அதிகம் என்பதும் ஒன்றென்று நினைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான். பேக்லாஷ் என்பது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவேயுள்ள வெறும் இடைவெளி. விறைப்பு என்பது அந்த இடைவெளி முடிந்து சுமை ஏறிய பிறகு எவ்வளவு முறுகுகிறது என்பது.

தோள், முழங்கை, அடித்தளம் ஆகிய பெரிய மூட்டுகளுக்கு ஆர்.வி. வகை. முதல் படியில் சாதாரண கோள்சக்கரம், இரண்டாம் படியில் சைக்ளாய்டு தட்டுகள். தட்டின் விளிம்பு ஒரே நேரத்தில் பல ஊசிகளில் அழுந்துவதால் சுமை பகிர்ந்துபோகிறது. எடை கூடும், விறைப்பும் அதிர்ச்சி தாங்கும் வலுவும் நன்றாகக் கூடும். மோதல் ஒன்று நடந்தால் ஹார்மோனிக் டிரைவில் பல் தாண்டிப் போகலாம், ஆர்.வி. பெரும்பாலும் தப்பித்துவிடும்.

உங்கள் கையில் தோளுக்கு ஒரு படி பெரிய ஆர்.வி., ஆர்க் மினிட்டுக்கு 240 என்று எடுங்கள். முழங்கைக்கு 100. தொய்வு 0.63-இலிருந்து 0.43 மி.மீ.-க்கு வந்துவிடும். முழங்கையில் 2 கிலோ எடை கூடலாம், நிலைமத்தில் அது பெரிதாகத் தெரியாது. தோளில் கூடும் எடை அச்சிலேயே உட்கார்ந்திருப்பதால் தோள் மோட்டாருக்கு அது தெரியவே தெரியாது. அதிர்வுக்கு என்ன ஆகும்? பழைய கையின் நுனி விறைப்பு ஒரு மி.மீ.-க்கு 156 நியூட்டன், நுனியில் உணரப்படும் நிறை 20 கிலோ அளவு. இயல்பு அதிர்வெண் 14 ஹெர்ட்ஸ் வரும். புதிய ரிட்யூசரோடு 17 ஹெர்ட்ஸ். கேட்க அவ்வளவு பிரமாதமாக இல்லை என்று தோன்றலாம், ஆனால் கார்பன் குழாயால் கிடைக்கும் அரை ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிற்சாலைக் கைகளின் கீழ்மட்ட அதிர்வெண் பொதுவாகவே 10-20 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. உலோகம் வெட்டும் இயந்திரத்துக்கு இணையாக ரோபோ கையால் கனமாக வெட்ட முடியாததன் காரணமும் இதுதான்.

மீதி அதிர்வை வன்பொருளால் துரத்தாதீர்கள். 14 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலைவுக்கு 70 மில்லிநொடி. கட்டளையை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டாம் பாதியை அரை அலைவு, அதாவது 35 மில்லிநொடி தாமதமாக அனுப்பினால், முதல் பாதி கிளப்பிய அதிர்வை இரண்டாவது அழித்துவிடும். முடுக்கத்தைச் சட்டென்று போடாமல் வளைவாக ஏற்றி இறக்குவதும் உதவும். ஒரே ஒரு சிக்கல், கை மடங்கியிருக்கும்போது அதிர்வெண் உயரும், சுமை மாறினாலும் மாறும். ஆகவே நிலைக்கு ஏற்ப அந்த 35-ஐ மாற்றிக்கொண்டே இருக்கும்படி கன்ட்ரோலரில் எழுத வேண்டும்.

என்கோடரைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. 17 பிட் என்கோடர் ஒரு சுற்றில் 1,31,072 படிகள் தரும். 120 விகிதத்தோடு பெருக்கினால் தோள் ஒரு சுற்றுக்கு 1.57 கோடி படிகள். 1.3 மீட்டரில் ஒரு படி அரை மைக்ரான். உங்கள் தொய்வோ 630 மைக்ரான். இதில் 23 பிட் என்கோடர் வாங்கிப் போட்டால் குறைந்த வேகத்தில் ஓட்டம் மென்மையாகும், அவ்வளவுதான். என்கோடர் மோட்டார் தண்டில் இருக்கிறது. ரிட்யூசருக்கு அப்பால் நடக்கும் முறுகல் அதன் கண்ணில் படாது.

பட வேண்டும் என்றால் இரண்டு வழிகள். ஒன்று, ரிட்யூசரின் வெளிப்பக்கத்தில் இரண்டாவது என்கோடர். குழல்தண்டைச் சுற்றி வளையமாக மாட்டும் வகைகள் கிடைக்கின்றன. வேகக் கட்டுப்பாட்டை மோட்டார் பக்கத்திலும் நிலைக் கட்டுப்பாட்டை வெளிப்பக்கத்திலும் வைத்து மெதுவாகச் சரிசெய்ய வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் காரணமாகக் கை உறுமும். இரண்டாவது வழிக்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டாம். மூட்டின் விறைப்பு தெரியும், சுமை தெரியும், கையின் நிலை தெரியும். எவ்வளவு தொய்யும் என்று கன்ட்ரோலரே கணக்கிட்டு, மூட்டுக்குக் கொடுக்கும் கோணத்தை அவ்வளவு உயர்த்திக் கொடுக்கலாம். நான் முதலில் இதைத்தான் செய்வேன். மாறாத தொய்வின் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9283 தரத்தில் மீள்துல்லியம் தனி, நிலைத்துல்லியம் தனி. கையை ஓர் இடத்துக்குக் கற்பித்துவிட்டு நூறு முறை அனுப்பினால் எவ்வளவு சிதறுகிறது என்பது முதலாவது. விளம்பரத்தில் வரும் ±0.02 மி.மீ. அதுதான். வரைபடத்தில் உள்ள ஆயத்தொலைவை எண்ணாகக் கொடுத்தால் அங்கே சரியாகப் போகிறதா என்பது இரண்டாவது. அளவீடு செய்து திருத்தாத கையில் அது மில்லிமீட்டர் கணக்கில் தவறலாம். தொய்வு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு என்றால் மீள்துல்லியம் கெடாது. எடுத்து வைக்கும் வேலைக்கு மட்டும் கை போகிறது, இடங்களை எல்லாம் கையால் கற்பிக்கப் போகிறீர்கள் என்றால், 0.63 மி.மீ. உங்களுக்குப் பிரச்சினையே இல்லாமலும் இருக்கலாம். கேமரா சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும் என்றால் பெரிய பிரச்சினை.

வெப்பத்தை யாரும் முதலில் நினைப்பதில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கை காலையில் பொருளைச் சரியாக எடுக்கும், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தள்ளி எடுக்கும். பொருளைப் பிடிக்கும் கிரிப்பரைச் சந்தேகித்து இரண்டு நாள் போனது. கடைசியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் மூட்டுகளின் சூட்டில் கை உடம்பு 15 டிகிரி ஏறியிருந்தது. 1.3 மீட்டர் அலுமினியம் 15 டிகிரிக்கு 0.45 மி.மீ. நீளும். இன்றும் புதிய கை எதையாவது அளக்கும் முன் அரை மணி நேரம் சும்மா ஓடவிடுவேன். மூட்டுக்குள்ளேயே டிரைவை வைக்கும் வடிவமைப்புக்கு நீங்கள் மாறப்போவதாக இருந்தால் இந்தச் சூடு இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வடிவமைப்புக்கு வேறொரு பெரிய நன்மை இருப்பதும் உண்மை. கேபிள். தொழிற்சாலைக் கையில் நான் அதிகம் மாற்றிய பொருள் கேபிள்தான். ஆறு மோட்டாருக்கும் மின்கம்பி, என்கோடர் கம்பி, பிரேக் கம்பி, கருவிக்குச் சிக்னல், காற்றுக் குழாய் என்று எல்லாம் முழங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரை போக வேண்டும், ஒவ்வொரு சுழற்சியிலும் வளைய வேண்டும். உள்ளே செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் என்கோடர் பிழை வரும். கையை நகர்த்தினால் பிழை மறைந்துவிடும். கண்டுபிடிக்க இதைவிடக் கடினமான பழுது கிடையாது. டிரைவை மூட்டிலேயே வைத்தால் 48 வோல்ட் இரண்டு கம்பியும் ஈதர்கேட் போன்ற ஒரு தகவல் கம்பியும் போதும், கேபிள் கட்டு கால்வாசியாகிவிடும். மனிதரோடு அருகே வேலை செய்யும் இலகுவான கைகள் பலவும் இந்த வழியில்தான் கட்டப்பட்டவை. யுனிவர்சல் ரோபோட்ஸின் யு.ஆர்.5 வெறும் 18.4 கிலோ எடையில் 5 கிலோ தூக்கும். டிரைவை வெளியிலேயே வைத்துக்கொள்வதென்றால், மூட்டுகளின் நடுவில் அகலமான துளை விடுங்கள், கேபிளை அதன் வழியாக அச்சின் மையத்தில் கொண்டுபோங்கள். மையத்தில் போகும் கேபிள் முறுகும், ஆனால் வளையாது. அந்த முறுகலை ஒரே இடத்தில் கட்டிப்போடாமல் நீண்ட தூரத்துக்குப் பரவ விட வேண்டும். மின்கம்பியையும் என்கோடர் கம்பியையும் தனித்தனியாகப் பிரித்து, ஷீல்டை இரு முனையிலும் ஒழுங்காகத் தரையிணைப்பு செய்யுங்கள்.

பிரேக்கைப் பற்றி இரண்டு வரி. மின்சாரம் போனால் ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும் வகை அது, 24 வோல்ட் கொடுத்தால் விடும். நின்ற கையைப் பிடித்து வைக்கத்தான் அது இருக்கிறது. ஓடும் கையைத் தினமும் அதைக்கொண்டு நிறுத்தினால் தேய்ந்து, ஒரு நாள் முன்கை மெல்ல இறங்கும். அவசர நிறுத்தத்தில் முதலில் மோட்டாரே கையை நிறுத்தட்டும், அப்புறம் மின்சாரத்தைத் துண்டித்துப் பிரேக் பிடிக்கட்டும்.

தோளுக்கு எடைச் சமநிலை ஒன்று சேர்ப்பது நல்ல மேம்பாடு. 347 நியூட்டன் மீட்டரில் பாதியை ஒரு ஸ்பிரிங்கோ வாயு உருளையோ தாங்கிக்கொண்டால் மோட்டார் குளிர்ச்சியாக ஓடும், பிரேக்குக்கும் நிம்மதி. ஸ்பிரிங்கின் முறுக்குவிசை தோள் சாயும் கோணத்தோடு எடையைப் போலவே கூடிக் குறையும்படி அதன் பிடிப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையைச் சுவரிலோ கூரையிலோ மாட்டும் திட்டம் இருந்தால் மட்டும் இதை விட்டுவிடுங்கள், எடை இழுக்கும் திசை மாறிவிடும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிப்பக்கப் பேரிங்குக்குக் குறுக்கு உருளை வகையைப் போடுங்கள். ஒரே பேரிங் எல்லாத் திசைச் சுமையையும் தாங்கும், ஆனால் அது உட்காரும் முகம் தட்டையாக இருந்தால்தான். கருவி மாட்டும் முகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9409 அளவுகளையே பின்பற்றுங்கள், 50 மி.மீ. வட்டத்தில் நான்கு எம்6 துளைகள் என்றால் கடையில் கிடைக்கும் கிரிப்பர் அப்படியே மாட்டும். 10 கிலோ என்பதில் கிரிப்பரின் எடையும் அடக்கம் என்பதை மறக்கவேண்டாம். ஒவ்வொரு மூட்டிலும் ஊசி செருகிப் பூஜ்யம் பிடிக்க ஒரு துளை விடுங்கள். என்கோடர் பேட்டரி தீர்ந்து பூஜ்யம் தொலையும் நாளில் அதன் அருமை தெரியும். மென்பொருள் எல்லைக்கு அப்பால் உலோகத் தடுப்பும் வேண்டும். பாதுகாப்புச் சுற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 10218-ஐ ஆரம்பத்திலேயே படித்துவிடுங்கள், கடைசியில் சேர்க்க முடியாது.

அடித்தளத்தை விட்டுவிட்டேனே. 300 மி.மீ. அகலமுள்ள அடித்தட்டின் ஒரு பக்கம் 0.1 மி.மீ. எழும்பினால், 1.3 மீட்டரில் அது 0.43 மி.மீ. ஆகும். புதிய ரிட்யூசர்களோடு கை முழுவதும் தரும் தொய்வு அவ்வளவுதான். மெல்லிய மேசை மேல் நிறுத்தியிருந்தால் ஆட்டம் கையிலிருந்து வருவதாகவே இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். கையைக் கிடைமட்டமாக நீட்டி எல்லாப் பிரேக்குகளையும் பிடிக்க விடுங்கள். பிரேக் மோட்டார் தண்டைப் பிடிப்பதால் கன்ட்ரோலரின் குறுக்கீடு இருக்காது. ரிட்யூசர், பேரிங், குழாய், அடித்தளம் இவற்றின் முறுகல் மட்டும் மிஞ்சும். சிறு நகர்வை அளக்கும் டயல் கேஜைக் கையிலோ அதே மேசையிலோ வைக்காமல் தரையில் தனியாக நிற்கும் ஒரு தாங்கியில் பொருத்துங்கள். நுனியில் 10 கிலோவைத் தொங்கவிட்டு எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை அளவெடுங்கள்: அடித்தட்டின் முன்விளிம்பும் பின்விளிம்பும், தோள் ரிட்யூசரைத் தாண்டிய உடனே மேல்கையில் 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள், முழங்கைக்கு இப்பாலும் அப்பாலும் அதேபோல் இரண்டிரண்டு, கடைசியாக நுனி. இரண்டு புள்ளிகளின் வித்தியாசத்தை 200-ஆல் வகுத்தால் அந்த இடத்தின் சாய்வு. ஒரு மூட்டைத் தாண்டும்போது சாய்வு எவ்வளவு கூடுகிறதோ அது ரிட்யூசரும் பேரிங்கும் சேர்ந்து தருவது. ஒரு குழாயின் நீளத்தில் கூடுவது குழாய் தருவது. என் எண்கள் ஊகம், உங்களுடையவை உண்மையானவை. அவற்றில் குழாயின் பங்கு பாதியைத் தாண்டினால் முதலில் விட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தாண்டாவிட்டால் தோள் ரிட்யூசரிலிருந்து ஆரம்பியுங்கள்.